பராக்கு பார்க்கிறானா, ஃபிட்ஸா?

கேள்வி: ஈரோட்டு அம்மா, 8 ஜூலை 2023

பையனுக்கு ஏழு வயது, இரண்டாம் வகுப்பு. திடீரென்று ஒரே இடத்தை வெறித்துப் பார்க்கிறான். கூப்பிட்டால் திரும்புவதில்லை. காது டாக்டரிடம் காட்டினோம், காது நன்றாக இருக்கிறதாம். மிஸ் "சும்மா பராக்கு பார்க்கிறான், போன் கொடுக்காதீங்க" என்கிறார். கீழே விழுவதில்லை, கை கால் இழுப்பதில்லை, நுரை தள்ளுவதில்லை. பக்கத்து வீட்டு அக்கா இதுவும் ஒரு வகை ஃபிட்ஸ் என்கிறார். விழாமல் ஃபிட்ஸ் வருமா?

9 ஜூலை 2023, காலை

வரும். என் மகளுக்கு வந்தது. ஆப்சென்ஸ் ஃபிட்ஸ் என்பார்கள், பழைய டாக்டர்கள் வாயில் பெட்டி மால். ஐந்து முதல் பதினைந்து விநாடி பிள்ளை அங்கே இருக்காது. அப்புறம் ஒன்றுமே நடக்காதது போல் விட்ட இடத்திலிருந்து தொடரும். நாலு வயதிலிருந்து பத்து வயதுக்குள் ஆரம்பிக்கும். ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு அல்ல, பத்து, இருபது, சிலருக்கு நூறுகூட வரும்.

நான் திருச்சி உறையூரில் பைண்டிங் கடை வைத்திருக்கிறேன். 2021இல் மகள் ஒன்றாம் வகுப்பு, கொரோனா சமயம், எல்லாம் போனில்தான் பாடம். மிஸ் இரண்டு தடவை சொன்னார், "உங்க நெட் சரியில்ல, பாப்பா அப்பப்ப ஃபிரீஸ் ஆயிடுறா". நான் போய் அதிக விலைக்கு ரீசார்ஜ் செய்தேன். பத்து நாள் கழித்து மறுபடி அதே புகார். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. மிஸ்ஸின் படம் என் பக்கம் ஒரு தடவைகூட நிற்கவில்லையே என்று யோசித்திருக்க வேண்டும்.

அடுத்து மகளே சொன்னாள், "அப்பா, டிவி தாவுது". நான் கேபிள்காரரோடு சண்டை போட்டேன். பாவம், அவர் வந்து வயரை மாற்றிவிட்டுப் போனார்.

முதலில் பார்த்தது என் அம்மா. பல்லாங்குழி ஆடும்போது, "இவ கை பாதியில நிக்குதுடா. கண்ணு மேல போகுது. அப்புறம் அதே குழியிலிருந்து போடுறா" என்றார். கணக்குப் போட்டு ஏமாற்றுகிறாள் என்று முதலில் நினைத்தாராம்.

உங்கள் பையனுக்கும் இதேதான். சீக்கிரம் நரம்பு டாக்டரிடம், முடிந்தால் குழந்தைகளுக்கான நரம்பு டாக்டரிடம் காட்டுங்கள். வீட்டிலேயே பார்க்கவும் வழி உண்டு: காகிதக் காற்றாடியை மூன்று நிமிடம் விடாமல் ஊதச் சொல்லுங்கள். ஃபிட்ஸ் என்றால் பாதியில் நின்றுவிடும்.

9 ஜூலை 2023, இரவு

கோவை சார் கேட்டது: "எல்லாப் பிள்ளையும்தான் வெறித்துப் பார்க்கும். என் பேரனும் பார்க்கிறான். எப்படிப் பிரிப்பது?"

எங்கள் டாக்டர் சொன்னதை வைத்துச் சொல்கிறேன். பராக்கு பார்க்கும் பிள்ளைக்கு ஒரு காரணம் இருக்கும். பாடம் சலித்திருக்கும், ஜன்னலில் அணில் ஓடும், கண் மெல்ல நழுவும். ஃபிட்ஸ் காரணம் பார்க்காது. சோறு வாய்க்குப் போகும் வழியில், பிடித்த விளையாட்டின் நடுவில், பேசிக்கொண்டிருக்கும் வாக்கியத்தின் நடுவில் வரும். சுவிட்சை அணைத்தது போல் ஆரம்பிக்கும், போட்டது போல் முடியும். சிலருக்கு இமை படபடக்கும், கண்மணி லேசாக மேலே போகும், உதடு சப்புக்கொட்டும், விரல் பாவாடை நுனியைத் தடவும். கையில் இருப்பது பெரும்பாலும் விழாது, பிடி கொஞ்சம் தளரும்.

"தொட்டால் திரும்பினால் பராக்கு, திரும்பாவிட்டால் ஃபிட்ஸ்" என்று ஒரு சோதனை சொல்வார்கள். பொதுவாகச் சரிதான். ஆனால் அதை நம்பி நான் நாலு மாதம் வீணாக்கினேன். கூப்பிடுவேன், திரும்ப மாட்டாள். எழுந்து போய்த் தோளைத் தொடுவேன், திரும்புவாள். "பார், தொட்டால் திரும்புகிறாள், வேண்டுமென்றே செய்கிறாள்" என்று மனைவியிடம் சொல்வேன். நான் நாற்காலியை விட்டு எழுந்து அவளிடம் போய்ச் சேர ஏழெட்டு விநாடி ஆகும். அவளுக்கு வருவதே அவ்வளவு நேரம்தான். தானாக முடிந்ததை என் கைராசி என்று நினைத்துக்கொண்டேன்.

11 ஜூலை 2023

குழந்தைகள் வார்டில் வேலை பார்க்கும் நர்ஸ் அக்கா ஒருவர் என்னைப் பிடித்து வாங்கிவிட்டார். வாங்க வேண்டியதுதான். காற்றாடி விஷயத்தை வாபஸ் வாங்குகிறேன். மூச்சை வேகமாக இழுத்து விட வைப்பது ஃபிட்ஸை வரவழைப்பதற்காகவே செய்யும் சோதனை. டாக்டர் எதிரில், முடிந்தால் மூளையின் மின் அலைகளைப் பதியும் இ.இ.ஜி. ஓடும்போது செய்வது. இதய நோயோ வீசிங்கோ உள்ள பிள்ளைக்குச் செய்யவே கூடாது. வீட்டில் செய்து ஒன்றும் வரவில்லை என்றால் "அப்பாடா" என்று மருத்துவமனைக்கே போகாமல் இருந்துவிடுவோம், அதுதான் பெரிய ஆபத்து என்றார்.

மகளுக்கு டாக்டர் அறையில்தான் செய்தார்கள். மருந்து தொடங்காத பிள்ளைகளில் பத்துக்கு ஒன்பது பேருக்கு இதில் வந்துவிடுமாம். இவளுக்கு ஒன்றரை நிமிடத்தில் வந்தது. காற்றாடி சுற்றிக்கொண்டே இருந்தது, ஊதியவள் இல்லை.

15 ஜூலை 2023

வீடியோ எடுங்கள் என்று எல்லோரும் சொல்கிறீர்கள். நானும் சொல்வேன். ஆனால் வந்த பிறகு போனை எடுத்தால் பூட்டைத் திறப்பதற்குள் முடிந்துவிடும். வராதபோதே ஓடவிட வேண்டும். சாப்பிடும்போது, வீட்டுப்பாடம் எழுதும்போது, பத்து நிமிடம் போனைச் சாய்த்து வைத்துவிட்டுப் போய்விடுங்கள். நான் முப்பது வீடியோ வேண்டுமென்று எடுத்தேன், ஒன்றிலும் இல்லை. அகப்பட்டது வேறு எதற்கோ எடுத்தது.

சொல்லலாமா வேண்டாமா என்று நாலு நாளாக யோசித்தேன்.

2022 பிப்ரவரி. ஏழாம் வாய்ப்பாடு ஒப்பிக்கிறாள், பெரியப்பாவுக்கு அனுப்ப எடுத்தது. "ஏழ்நாலு இருபத்தெட்டு" சொல்லி நின்றுவிடுகிறாள். இமை துடிக்கிறது. சமையலறையில் குக்கர் விசில் அடிக்கிறது, அவள் முகத்தில் சலனமே இல்லை. ஒன்பது விநாடி. அப்புறம் "ஏழஞ்சு முப்பத்தஞ்சு". குரல் ஒரு இம்மிகூட மாறவில்லை.

அந்த ஒன்பது விநாடியும் என் குரல் ஓடுகிறது. "ம், சொல்லு. எங்க பார்க்குற? சொல்லுன்னா சொல்லு." கடைசியில் தலையில் ஒரு குட்டு. வீடியோவில் படம் ஆடும் இடம் அதுதான்.

டாக்டர் அந்த வீடியோவை மூன்று தடவை சத்தத்தோடு போட்டுப் பார்த்தார். என்னை ஒன்றும் சொல்லவில்லை. "குட்டின பிறகும் கண்ணு மாறல பாருங்க" என்று மட்டும் சொன்னார்.

15 ஜூலை 2023, கொஞ்ச நேரம் கழித்து

ஆறுதல் சொன்னவர்களுக்கு நன்றி. அதற்காக எழுதவில்லை. உங்களில் யாராவது இந்த வாரம் குட்டியிருப்பீர்கள், அதற்காக எழுதினேன்.

3 ஆகஸ்ட் 2023

இன்று ஆடிப் பதினெட்டு. காவிரியில் அம்மா மண்டபம் படித்துறையில் நிற்க இடமில்லாத கூட்டம். மகளை அழைத்துப் போனோம், தண்ணீருக்குள் இறங்கும்போது மனைவி ஒரு கையை விடவேயில்லை.

இதுவரை நான் எழுதாமல் விட்டது இது. பத்து விநாடிதானே, வலியில்லையே, விழுவதில்லையே என்று நினைப்போம். அந்தப் பத்து விநாடி எங்கே வருகிறது என்பதுதான் விஷயம். ஆறு, கிணறு, நீச்சல் குளம், குளியலறைத் தொட்டி, மொட்டைமாடிக் கைப்பிடி, ரோட்டில் சைக்கிள், அடுப்பு. ஃபிட்ஸ் நின்றுவிட்டது என்று டாக்டர் சொல்லும்வரை தண்ணீரில் தனியாக விடாதீர்கள். கூட ஒரு பெரியவர், கை எட்டும் தூரத்தில். விளையாட்டையே நிறுத்த வேண்டியதில்லை. மகளுக்குக் கோகோ ஆடக் கூடாது என்று நான் போட்ட சட்டத்தை டாக்டர் ரத்து செய்தார்.

20 ஆகஸ்ட் 2023

ஈரோட்டு அம்மா திரும்பி வந்து எழுதியிருக்கிறார். படித்தீர்களா? நான் சொன்னது தப்பு.

பையனுக்கு ஒவ்வொன்றும் ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடம் ஓடுகிறதாம். வருவதற்கு முன்பு "வயித்துல என்னமோ பண்ணுது" என்று அம்மாவிடம் ஓடி வருவானாம். வாய் மெல்லுமாம். முடிந்தபின் அஞ்சு பத்து நிமிடம் குழம்பிப்போய், படுக்கத் தேடுவானாம். வாரத்துக்கு இரண்டு மூன்றுதான். இது ஆப்சென்ஸ் இல்லை, மூளையின் ஒரு பகுதியில் மட்டும் கிளம்பும் வேறு வகை ஃபிட்ஸ் என்று சொல்லி மூளைக்கு எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். எங்களுக்கு எம்.ஆர்.ஐ. தேவையில்லை என்றார்கள், இ.இ.ஜி.யே போதுமாக இருந்தது.

"உங்கள் பையனுக்கும் இதேதான்" என்று முதல் நாள் அடித்துச் சொன்னேன். எத்தனை விநாடி என்றுகூடக் கேட்கவில்லை. வெறித்த பார்வை என்று படித்ததுமே என் மகள் முகத்தை அந்தப் பையனுக்கு ஒட்டிவிட்டேன்.

இது வெறும் பெயர் வித்தியாசம் இல்லை. அவனுக்கு எழுதியிருப்பது கார்பமாஸெபின். அந்த வகைக்கு நல்ல மருந்து. அதையே என் மகளுக்குக் கொடுத்தால் ஆப்சென்ஸ் அதிகமாகிவிடும். ஃபெனிட்டாயினும் அப்படித்தான். ஒரு வீட்டு மருந்தை இன்னொரு வீட்டுக்குக் கேட்டுக் கொடுக்கும் பழக்கம் நம் ஊரில் உண்டு, அதனால் சொல்கிறேன்.

கேட்க வேண்டியவை: எவ்வளவு நேரம், முன்னறிகுறி உண்டா, முடிந்ததும் உடனே தெளிவா அல்லது குழப்பமா, நாளுக்கு எத்தனை. என் மகளுக்கு விநாடிக் கணக்கு, முன்னறிகுறி இல்லை, உடனே தெளிவு, நாளுக்கு இருபதுக்கு மேல்.

2 செப்டம்பர் 2023

ஃபிட்ஸ் வந்தால் கையில் சாவிக்கொத்தைக் கொடுக்கலாமா என்ற சண்டையில் நான் இறங்கவில்லை. ஒன்றே ஒன்று: விழுந்து இழுக்கும் ஃபிட்ஸுக்கும் இரும்பு உதவாது. ஒருக்களித்துப் படுக்க வைத்து, வாயில் எதையும் திணிக்காமல் இருந்து, ஐந்து நிமிடம் தாண்டினால் ஆம்புலன்ஸ். ஆப்சென்ஸில் சாவியைத் தேடி எடுப்பதற்குள் பிள்ளை அடுத்த வாய் சோறு கேட்கும்.

பூஜை பற்றிக் கேட்ட பெரியவருக்கு: போனோம். என் அம்மா விடுவாரா? திருச்சி பக்கம் திருவாசிக்கு. சம்பந்தர் கொல்லி மழவன் என்ற மன்னன் மகளின் முயலகன் நோயைத் தீர்த்த தலம் அது. முயலகன் என்பது வலிப்புக்குப் பழைய பெயர். மற்ற கோயில்களில் நடராஜர் காலடியில் கிடக்கும் அரக்கன் முயலகன் அங்கே இல்லை, நடராஜர் பாம்பின் மேல் ஆடுகிறார். அம்மா கும்பிட்டுவிட்டு என்னைப் பார்த்து, "பார், இங்க ஆளே இல்ல, துரத்திட்டார்" என்றார். நான், "ஆளே இல்லாம போறதுதான் உன் பேத்தியோட வியாதி" என்றேன். கோயில் வாசலில் திட்டு வாங்கினேன்.

இரவு எட்டு மணி சிரப்பை அன்றும் கொடுத்தோம். எட்டு மணி ஆனால் நினைவூட்டுவது அம்மாதான்.

10 செப்டம்பர் 2023

"வெளியே சொல்லாதீங்க, பெண் பிள்ளை, நாளைக்குக் கல்யாணம்" என்று மூன்று பேர் எழுதிவிட்டீர்கள். அவளுக்கு எட்டு வயது. பள்ளியில் சொல்லாமல் இருந்தால் இன்னொருவர் குட்டுவார், எனக்கு அதுதான் அவசரம்.

சட்டம் கேட்டவருக்கு: 1955 இந்து திருமணச் சட்டத்தில் அடிக்கடி வலிப்பு வருபவர் திருமணத்துக்குத் தகுதியில்லை என்று இருந்தது. 1999இல் எடுத்துவிட்டார்கள்.

11 செப்டம்பர் 2023

வக்கீல் தம்பி திருத்தினார். 1955இல் வலிப்பு என்ற சொல் இல்லையாம், 1976 திருத்தத்தில்தான் நுழைத்தார்களாம். 1999இல் எடுத்தது சரி. சுதந்திரம் வாங்கி முப்பது வருடம் கழித்து உட்கார்ந்து சேர்த்திருக்கிறார்கள்!

19 நவம்பர் 2023

திரும்ப வந்துவிட்டது.

ஒன்றரை வருடம் ஒன்றும் இல்லை. தீபாவளிக்கு முன் கடையில் காலண்டர், டைரி வேலை குவிந்து கிடந்தது. மனைவியும் அம்மாவும் ஊருக்குப் போயிருந்தார்கள். சிரப் தீர்ந்தது, வழக்கமான மருந்துக்கடையில் இல்லை, நாளைக்கு வரும் என்றார். நாளைக்கு, நாளைக்கு என்று மூன்று இரவு போயிற்று. வேறு கடையைத் தேடி நான் போகவில்லை. நாலாம் நாள் இட்லியைப் பிட்ட கை அப்படியே நின்றது.

மருந்து பிடித்ததும் இரண்டு வாரத்தில் நின்றுவிட்டது. ஆனால் இரண்டு வருடம் வராமல் இருந்தால் மெல்லக் குறைக்கலாம் என்று சொன்ன கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து. பாட்டில் பாதி ஆனதும் அடுத்ததை வாங்கி வைத்துவிடுங்கள்.

எந்த மருந்து என்று பலமுறை கேட்டுவிட்டீர்கள். அவளுக்கு வால்புரோயேட். பசி அதிகமாகும், எடை ஏறும், முடி கொட்டும். ஈரலுக்கும் தட்டணுவுக்கும் ரத்தப் பரிசோதனை செய்கிறோம். எத்தோசக்சிமைடு என்று ஒன்று உண்டு, 1958லிருந்து புழக்கத்தில் இருக்கிறது, ஆப்சென்ஸ் மட்டும் உள்ள பிள்ளைக்கு அதுதான் முதல் மருந்து என்று படித்துவிட்டு டாக்டரிடம் வாதம் செய்தேன். அவர் கோபப்படவில்லை. 2010இல் அமெரிக்காவில் 453 பிள்ளைகளை வைத்து மூன்று மருந்துகளை ஒப்பிட்ட ஆய்வை எடுத்துக் காட்டினார். எத்தோசக்சிமைடும் வால்புரோயேட்டும் ஃபிட்ஸை நிறுத்துவதில் கிட்டத்தட்ட சமம், லாமோட்ரிஜின் பின்தங்கிவிட்டது. ஆனால் நான்கு மாத முடிவில் கவனக் குறைபாடு வால்புரோயேட் பிள்ளைகளில் நூற்றுக்கு 49, எத்தோசக்சிமைடில் 33. "நீங்க சொல்றது சரி. தடையில்லாம கிடைக்குமா உங்களுக்கு?" என்றார். அப்போது எங்கள் பக்கத்தில் நாலு கடை ஏறி இறங்கியும் கிடைக்கவில்லை. கிடைக்காமல் விட்டு விட்டுக் கொடுப்பதைவிட இது மேல் என்று முடிவு செய்தோம். கடைசியில் இதையும் விட்டு விட்டுத்தான் கொடுத்திருக்கிறேன்.

பெண் குழந்தை வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று. கர்ப்ப காலத்தில் வால்புரோயேட் வயிற்றுப் பிள்ளையைப் பாதிக்கும். வயதுக்கு வரும் பருவம் நெருங்கும்போதும் மருந்து தேவைப்பட்டால் மாற்றுவது பற்றிப் பேச வேண்டும் என்று முதல் நாளே எழுதிக் கொடுத்திருக்கிறார்.

14 ஜூலை 2024

அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவர் கேட்டார்: "நாற்பது பிள்ளைகள். ஒவ்வொரு முகத்தையும் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. வேறு எதில் தெரியும்?"

நல்ல கேள்வி. நோட்டில் தெரியும். மகளின் பழைய டிக்டேஷன் நோட்டை எடுத்துப் பார்த்தேன். தெரியாமல் விட்ட பிள்ளை கஷ்டமான சொல்லை விடும். இவள் எளிதான சொற்களை விட்டிருக்கிறாள், வாக்கியத்தின் நடுவில், வரிசையாக மூன்று நாலு. சில இடத்தில் ஒரு எழுத்தின் வால் கீழே இழுத்துக்கொண்டு போய், அப்புறம் நேராகிறது. பைண்டிங்கில் ஒரு பாரம், அதாவது ஒன்றாக மடித்த ஒரு கட்டுப் பக்கங்கள், விட்டுப்போன புத்தகம் இப்படித்தான் இருக்கும். முன்னும் பின்னும் பிழையே இருக்காது.

விட்ட இடத்திலிருந்து தொடரும் என்று முதல் நாள் எழுதியிருந்தேன். அது தனியாக இருக்கும்போது. வகுப்பு முழுக்கச் சேர்ந்து வாய்ப்பாடு சொல்லும்போது மற்றவர்கள் நிற்க மாட்டார்களே. இவள் ஏழ்நாலில் போய் ஏழாறில் திரும்பி வருவாள். முன்னே பின்னே பார்த்துவிட்டு வாயை அசைப்பாள். மிஸ்ஸுக்கு அது "படிக்காமல் வந்திருக்கிறாள்" என்றுதான் தெரியும்.

அந்த நேரம் அவளுக்கு எப்படி இருந்தது என்று ரொம்ப நாள் கழித்துக் கேட்டேன். "மிஸ் பக்கத்தைத் தாவித் தாவி நடத்துவாங்கப்பா. எல்லாரும் எப்படிப் பிடிச்சுக்கறாங்கன்னுதான் எனக்குத் தெரியல." எல்லோருக்கும் அப்படித்தான் தாவுகிறது, தான்தான் மக்கு என்று நினைத்திருக்கிறாள்.

15 ஜூலை 2024

ஃபிட்ஸ் நின்றதும் மதிப்பெண் ஏறியதா என்றால், கொஞ்சம். கணக்கில் இன்னும் தடுமாறுகிறாள். ஃபிட்ஸே வராவிட்டாலும் சில பிள்ளைகளுக்குக் கவனம் சிதறுவது இருக்குமாம். விட்டுப்போன பாடம் எது, மருந்து எது, அவள் குணம் எது என்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை. இப்போது ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தால் கூப்பிடுகிறேன். "என்னப்பா, பார்த்துட்டுதான் இருக்கேன்" என்று எரிச்சலோடு திரும்புகிறாள்.

22 நவம்பர் 2025

கேட்டுக்கொண்டே இருந்தவர்களுக்காக. இந்த மாதத்தோடு இரண்டு வருடம், ஒன்றும் வரவில்லை. வயது பத்து. திங்கட்கிழமை இ.இ.ஜி., அது நன்றாக இருந்தால் மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கத் தொடங்குவார்கள். முதல் இ.இ.ஜி.யில் விநாடிக்கு மூன்று வீதம் ஒரே அளவாக எழும்பிய கூரிய அலைகளை டாக்டர் பென்சிலால் தொட்டுத் தொட்டு எண்ணிக் காட்டினார். இந்தத் தடவை எண்ண ஒன்றும் இருக்கக் கூடாது. பெரும்பாலான பிள்ளைகளுக்குப் பதின்ம வயதில் விட்டுவிடும் என்கிறார். சிலருக்கு விழுந்து இழுக்கும் வகையாக மாறுவதும் உண்டு என்பதையும் மறைக்கவில்லை.

தலைக்கு எண்ணெய் வைக்காமல் ஷாம்பூ போட்டுக் குளிக்க வேண்டும். அம்மாவுக்கு அதில்தான் வருத்தம். முந்தின இரவு சீக்கிரம் தூங்கவிடக் கூடாது, அப்போதுதான் அங்கே போய் நன்றாகத் தூங்குவாள், தூக்கத்திலும் பதிவு எடுப்பார்கள். நாளை இரவு பன்னிரண்டு மணி வரை விழிக்க வைக்கும் பொறுப்பை அம்மா எடுத்துக்கொண்டார். பரணிலிருந்து பல்லாங்குழியை இறக்கியாயிற்று. புளியங்கொட்டை நாலு குறைகிறதாம், தேடிக்கொண்டிருக்கிறார்கள்.